சாலைக்கு வந்ததும் வாலை ஆட்டும் வண்டி

பனி காயாமல் அறுவடை தொடங்காது. ஈரமான பயிர்த்தாள் கதிரடிக்கும் உருளையில் சுற்றிக்கொண்டு அடைத்துவிடும். ஆகவே ஒரு வயலை முடித்த கம்பைன் வண்டியை, அதாவது கதிரை அறுத்து அடித்துத் தானியமாக்கும் அறுவடை இயந்திரத்தை, அடுத்த வயலுக்கு நகர்த்த ஓட்டுநருக்கு வாய்க்கும் நேரம் பெரும்பாலும் விடிகாலைதான். பத்து கிலோமீட்டர் என்றால் ஓட்டம் அரை மணிக்குள் முடிந்துவிடும். கழற்றுவதும் மாட்டுவதும்தான் நேரத்தை விழுங்கும்.

முதலில் கழற்றப்படுவது முன்னால் இருக்கும் கட்டர், அதாவது பயிரை வெட்டும் அகலமான பகுதி. பெரிய வண்டிகளில் இது 6 மீட்டருக்கு மேல் அகலம், சாலையையே அடைத்துவிடும். அதனால் அதைக் கழற்றி, நீளவாக்கில் ஒரு டிரெய்லரில் ஏற்றிப் பின்னால் இழுத்துச் செல்கிறார்கள். அகலம் கண்ணுக்குத் தெரிகிற காரணம். தெரியாத காரணம் ஒன்று உண்டு. எனக்கு அதுதான் சுவையானது.

கம்பைனில் எஞ்சினின் இழுவை முன்சக்கரங்களுக்குப் போகிறது, ஸ்டீயரிங் திருப்புவது பின்சக்கரங்களை. 2 டன் கட்டர் ஒன்று முன்அச்சுக்கு 3 மீட்டர் முன்னே தொங்குவதாக வைத்துக்கொள்வோம். இரு அச்சுகளுக்கும் இடையே 4 மீட்டர். முன்அச்சை நடுவாகக் கொண்ட சீசா பலகை மாதிரிதான் இது: முன்னால் பாரம் அழுத்தினால் பின்பக்கம் எழும்பும். கணக்குப் போட்டால் பின்சக்கரங்களின் மீதிருந்த சுமையில் 1.5 டன் குறைந்திருக்கும். முன்அச்சு கட்டரின் 2 டன்னோடு அந்த 1.5 டன்னையும் சேர்த்துத் தாங்க வேண்டும். திருப்ப வேண்டிய சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு குறைந்தால் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. பிரேக்கை அழுத்தினால் பாரம் இன்னும் முன்னே சாய்ந்து, பின்பக்கம் மேலும் லேசாகும்.

அப்படியென்றால் ஏன் பின்சக்கரத்தில் ஸ்டீயரிங்? வயலில் அதுதான் வசதி. கனமான கட்டரையும் தானியத்தையும் சுமக்கும் முன்சக்கரங்கள் பெரிதாக, உறுதியாக இருக்க வேண்டும்; அவற்றைத் திருப்புவது பெரும்பாடு. சிறிய பின்சக்கரங்களை நன்றாக ஒடிக்கலாம். வரப்போரம் வந்ததும் முன்அச்சை மையமாக வைத்து வண்டி சட்டென்று திரும்பி அடுத்த வரிசைக்கு நேராக நிற்கும்.

இதே குணம்தான் சாலையில் கஷ்டம் கொடுக்கிறது. காரை வேகமாக ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும்: ஸ்டீயரிங்கை லேசாகத் தொட்டாலே கார் தாறுமாறாக அலையும். கம்பைன் முன்னோக்கிப் போகும்போதே ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறது. வலப்புறம் திரும்ப வேண்டுமானால் வால் முதலில் இடப்புறம் வீசும். ஓரத்தில் மதில் இருந்தால் முன்பக்கம் தப்பித்து, பின்பக்கம் உரசும். புதிதாக ஓட்டுகிறவர்கள் அதைத் திருத்த எதிர்ப்பக்கம் அதிகமாகத் திருப்பி, இன்னும் ஆட்டிவிடுவார்கள். அதனால்தான் சாலையில் நிதானம் வேண்டும்.

தானியத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். 10,000 லிட்டர் தொட்டி நிறைய கோதுமை இருந்தால் சுமார் 7.5 டன், அதுவும் உயரத்தில். 15 டன் வண்டி மணிக்கு 25 கிலோமீட்டரில் போகும்போது அதனிடம் உள்ள இயக்க ஆற்றல், 1.2 டன் கார் ஒன்று மணிக்கு கிட்டத்தட்ட 90 கிலோமீட்டரில் பாயும்போது இருப்பதற்குச் சமம். மெதுவாகத்தானே போகிறது என்று அலட்சியப்படுத்த முடியாது.

பின்னால் வருகிறவருக்கும் ஒரு கணக்கு உண்டு. 80-இல் வரும் கார், 25-இல் போகும் கம்பைனை வினாடிக்கு 15 மீட்டர் வீதம் நெருங்குகிறது. 150 மீட்டர் இடைவெளி பத்தே வினாடியில் கரைந்துவிடும். கம்பைனின் மேல் சுழலும் எச்சரிக்கை விளக்கு எதற்கு என்று இனி யாரும் கேட்கமாட்டார்கள்.

இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதிகள் உள்ள வண்டிகளில், சாலை ஏறும் முன் இரண்டையும் கொக்கியால் இணைத்துவிட வேண்டும். வயலில் ஒரு பக்கத்தை மட்டும் அழுத்தி வண்டியைச் சுழற்றுவது கைவந்த வித்தை. சாலையில் அதே பழக்கத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுத்து, வால் எதிர்ப்பக்கம் பறக்கும். தானியம் கொட்டும் குழாயையும் மடித்துப் பூட்ட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்காது, மின்கம்பி தப்பும்.

இத்தனைக்கும் முன்னே, வண்டியைத் துப்புரவு செய்வது தனி வேலை. உமியும் வைக்கோல் தூசும் சூடான எக்ஸாஸ்ட் அருகே படிந்தால் தீப்பிடிக்கும். அதோடு இந்த வயலின் களை விதை அடுத்த வயலுக்குப் போய்விடும். விதைப்பவரே தெரியாமல் விதைக்கும் களை அது. காற்றழுத்தக் குழாயோடு சல்லடைகளுக்குள் தலையை நுழைக்கும் அந்தப் பொறுமையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

போய்ச் சேர்ந்ததும் எல்லாம் தலைகீழாக. சமதளமான இடமாகப் பார்த்து டிரெய்லரை நிறுத்தி, வண்டியை மெல்ல நகர்த்தி, கட்டரின் கொக்கிகளில் நேராகப் பொருத்த வேண்டும். தரை சிறிது சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் மாட்டும், மறுபக்கம் மாட்டாது. இரண்டாவது முயற்சி, மூன்றாவது முயற்சி. ஹைட்ராலிக் குழாய்களைச் செருகி, பிரேக் மிதிகளின் கொக்கியைக் கழற்றுவதற்குள் பனி காய்ந்திருக்கும்.