உருஷி அரக்கும் உலோகச் செதுக்கலும்: பழகத் தொடங்குவோர் தோலையும் கவனியுங்கள்

உருஷி என்னும் அரக்கைக் கொண்டு செய்யும் ஜப்பானிய மரபு வேலையைப் பொழுதுபோக்காகப் பழகுவோர் பலர், உடைந்த பீங்கானை ஒட்டிப் பொன்தூள் பூசும் கின்த்சுகி வழியாகவே அதற்குள் வருகிறார்கள். தோல் மருத்துவரிடம் அவர்கள் வருவது, கண்ணிமை வீங்கி, மணிக்கட்டில் கோடுகோடாகக் கொப்புளம் எழும்பிய பிறகுதான். அப்போதும் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றே பெரும்பாலும் நினைத்திருப்பார்கள்.

உருஷி ஒரு மரத்தின் பால். நாம் அறிந்த அரக்கைப் போலப் பூச்சி தருவதன்று. அதிலுள்ள உருஷியால் என்னும் பொருளே ஒவ்வாமையைத் தூண்டுகிறது. முந்திரி, மா, சேராங்கொட்டை ஆகியவையும் இதே தாவரக் குடும்பம் என்பதால், முந்திரிக்கொட்டை எண்ணெயோ மாங்காய்ப் பாலோ பட்டு முன்பு புண்ணானவர்களுக்கு முதல் தடவையே கடுமையாக வரலாம். மற்றவர்களுக்கு முதல்முறை ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். பிறகு பட்டால் 1 முதல் 3 நாளில் அரிப்பு தொடங்கும். காரணம் பிடிபடாமல் போவது இந்தத் தாமதத்தால்தான்.

உருஷி காற்றில் ஆவியாகி உலர்வதில்லை. பாலிலேயே உள்ள லாக்கேஸ் என்னும் நொதி, ஏறத்தாழ 70 முதல் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் 20 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் உருஷியாலைப் பிணைத்துக் கெட்டியாக்குகிறது. அதனால்தான் கைவினைஞர்கள் பூசிய பொருளை ஈரமூட்டிய மரப்பெட்டிக்குள் வைக்கிறார்கள். வெயிலிலோ குளிர்பதன அறையிலோ வைத்துவிட்டுக் காய்ந்திருக்கும் என்று விரலால் தொட்டுப் பார்ப்பவர்களே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். முழுவதும் இறுகிய அரக்கினால் இந்தத் தொல்லை அரிது.

மெல்லிய ரப்பர் கையுறைக்குள் உருஷியால் ஊடுருவக்கூடும். நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் கையுறை அதைவிட நல்லது, அதையும் கறைபட்டவுடன் மாற்றிவிட வேண்டும். தோலில் பட்டுவிட்டால், சமையல் எண்ணெயால் துடைத்தெடுத்து, அதன்பின் சோப்பு போட்டுக் கழுவுவது அரக்குக் கலைஞர்களின் வழக்கம். கறைபட்ட கையால் தொட்ட கதவுக் கைப்பிடியையும் கைப்பேசியையும் துடைக்க வேண்டும் என்பது பலருக்கு நினைவுக்கு வருவதே இல்லை.

அடுத்த படியாகச் செப்போடு சிறிதளவு பொன் கலந்த ஷகுதோ என்னும் உலோகக் கலவையைச் செதுக்கத் தொடங்குவோர்க்கு ஆபத்து கண்ணுக்கு. உளியின் தலை அடிபட்டு மடங்கியிருந்தால் துணுக்கு தெறிக்கும். ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், மடங்கிய விளிம்பைத் தேய்த்தெடுப்பதும் கட்டாயம். உலோகத்தின்மேல் உருஷி பூசி 100 பாகைக்கு மேல் சூடாக்கி இறுக்கும் முறையைச் சமையலறை அடுப்பில் ஒருபோதும் செய்யாதீர்கள். அந்த ஆவியும் முகத்தை வீங்கச் செய்யலாம்.

‘பழகினால் சரியாகிவிடும்’ என்று பயிற்சிக்கூடங்களில் சொல்வதுண்டு. நீண்டகாலக் கைவினைஞர்கள் சிலருக்கு அரிப்பு குறைவது உண்மைதான். ஆனால் அதை நம்பி வெறுங்கையோடு வேலை செய்வது வீண் துணிச்சல். கொப்புள நீரால் புண் பரவாது. நகத்தடியில் தங்கிய பால் பரப்பும். கண், முகம், பிறப்புறுப்பு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ காத்திருக்க வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகவே வாங்கி, நாலு நாளில் நிறுத்திவிட்டால், அடங்கிய அரிப்பு திரும்பக் கிளம்பும். மருத்துவரிடம் வரும்போது அரக்குக் குழாயையும் அட்டைப்பெட்டியையும் எடுத்து வாருங்கள். கின்த்சுகி என்று விற்கும் பெட்டிகள் சிலவற்றில் உருஷிக்குப் பதில் எப்பாக்சி என்னும் செயற்கைப் பசை இருக்கிறது, அதற்கு வரும் ஒவ்வாமையே வேறு.