தளப்பொருள்: நொதி எதைப் பிடிக்கிறது?

ஆங்கில வழியில் படித்தவர்கள் சொல்லும் ‘சப்ஸ்ட்ரேட்’ என்பதைத் தமிழில் தளப்பொருள் என்கிறோம். உயிர்களில் வேதிவினையை விரைவாக்கும் பொருள் நொதி, அதாவது என்சைம். ஒரு நொதி எதைப் பிடித்து மாற்றுகிறதோ, அது தளப்பொருள். மாறிய பின் கிடைப்பது விளைபொருள். நொதி மட்டும் மாறாமல் அடுத்ததைப் பிடிக்கப் போய்விடும்.

லத்தீனில் ‘சப்ஸ்ட்ராட்டும்’ என்றால் அடியில் விரிக்கப்பட்டது. காளான் வளர்ப்பவர்கள் வைக்கோல் படுக்கையை சப்ஸ்ட்ரேட் என்பதும் இதே பொருளில்தான். தளப்பொருள் அதை ஒட்டிச் செய்த சொல். இதில் ஒரு சங்கடம் உண்டு. வினை நடக்கும் குழிவான இடம் நொதியில் இருக்கிறது. அதைச் செயல்தளம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டிலும் ‘தளம்’ வருவதால் எது எதன்மேல் உட்காருகிறது என்று மாணவர்கள் குழம்புகிறார்கள். வினைபடுபொருள் என்றால் பளிச்சென்று புரியும், நம் இலக்கணத்தின் செயப்படுபொருளுக்கு உறவும்கூட. ஆனால் அது எல்லா வேதிவினைக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. அதனால் நொதி என்று வந்தால் தளப்பொருள்தான் என்பது என் கட்சி. செயல்தளத்தைக் கிளர்மையம் என்று மாற்றிக்கொண்டால் குழப்பம் தீரும்.

நொதி என்ற சொல்லில் சிக்கலே இல்லை. நொதித்தல் என்றால் புளித்துப் பொங்குவது. 1877-இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் கூனே ‘என்சைம்’ என்ற பெயரைக் கொடுத்தபோது, ‘புளிப்பில் உள்ளது’ என்ற கிரேக்கப் பொருளில்தான் கொடுத்தார்.

பெரும்பாலான நொதிகளுக்குத் தளப்பொருளை வைத்தே பெயர்: யூரியாவைச் சிதைப்பது யூரியேஸ், லாக்டோஸை உடைப்பது லாக்டேஸ். சில பெயர்கள் ஏமாற்றும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டு வளர்ப்பவர்கள் நாள் கடத்தாமல் கூட்டை அங்காடிக்குக் கொண்டுபோவது ஏன் தெரியுமா? விட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் உள்ளே இருக்கும் பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும். அப்புறம் அந்தக் கூட்டில் நூல் எடுக்க முடியாது. பூச்சியின் வாயிலிருந்து வரும் கக்கூனேஸ் என்ற நொதிதான் இதற்குக் காரணம். கக்கூன் என்றால் கூடு; பெயரைப் பார்த்தால் கூட்டையே கரைத்துவிடும் போலிருக்கிறது. உண்மையில் அது கரைப்பது செரிசின் என்ற பசையை மட்டும். பட்டிழையான ஃபைப்ராயினை அது தொடுவதில்லை. பசை இளகியதும் பூச்சி இழைகளை விலக்கிக்கொண்டு வருகிறது.

இரண்டும் புரதம்தான், பிறகு ஏன் இந்தப் பாகுபாடு? கக்கூனேஸ் புரதச் சங்கிலியை லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களை அடுத்துத்தான் வெட்டும். ஃபைப்ராயினில் பெரும்பாலும் கிளைசின், அலனின் என்ற வேறு அமினோ அமிலங்கள்தான் மாறி மாறி வருகின்றன. வெட்டத் தோதான இடம் அபூர்வம். போதாததற்கு இழைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் நொதி உள்ளே நுழையவும் வழியில்லை.

நொதிக்கும் தளப்பொருளுக்கும் உள்ள இந்தப் பொருத்தத்தை ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1894-இல் பூட்டும் சாவியும் என்றார். பாடத்தில் இன்றும் அதுதான் முதலில் வருகிறது, ஆனால் பூட்டு விறைப்பானது, நொதி அப்படியல்ல. தளப்பொருள் வந்து சேரும்போது நொதி தன் வடிவத்தைச் சற்று வளைத்துக்கொள்கிறது என்று 1958-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் டேனியல் கோஷ்லாண்ட் திருத்தினார். அதற்குத் தூண்டப்பட்ட பொருத்தம் என்று பெயர்.

கிளர்மையத்தில் உட்காரும் எல்லாமே தளப்பொருள் ஆகிவிடாது. மல்பெரி இலைப் பாலில் சர்க்கரை போலவே தோற்றம் கொண்ட ஒரு பொருள் இருக்கிறது, டிஆக்ஸிநோஜிரிமைசின் என்ற அதன் பெயரை டிஎன்ஜே என்று சுருக்கிச் சொல்வார்கள். அது சர்க்கரையை உடைக்கும் நொதிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் உடையாது. இது தடுப்பான். மல்பெரிக்குப் பழகாத புழுக்கள் அந்த இலையைத் தின்றால் சர்க்கரை செரிக்காமல் திண்டாடும். மல்பெரியையே தின்று வளரும் பட்டுப்புழுவிடம் டிஎன்ஜேவுக்கு மசியாத இன்னொரு நொதி இருக்கிறது; சர்க்கரையை அதை வைத்து உடைத்துக்கொள்கிறது.