கட்டி முடித்த பிறகு தொடங்கும் வேலை: சிவில் மாணவர்களுக்கு

2022 டிசம்பர் 23 அன்று பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 1914-இல் திறந்த பாலம் அது. கப்பல் போவதற்காகத் திறக்கும் நடுப்பகுதியில் சென்னை ஐ.ஐ.டி. குழுவினர் சென்சார்களைப் பொருத்தி வைத்திருந்தார்கள். அவை எச்சரிக்கை கொடுத்தன, ரயிலை நிறுத்தினார்கள். அதன் பிறகு அந்தப் பாலத்தில் பயணிகள் ரயில் ஓடவே இல்லை. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கும்வரை மக்கள் மண்டபம் ஊரில் இறங்கி, பஸ் பிடித்துத்தான் ராமேஸ்வரம் போனார்கள். சிரமம்தான். ஆனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

இத்தாலியில் ஜெனோவா நகரத்து மொராண்டி பாலத்தின் கதை வேறு. 1967-இல் திறந்தது. அதைத் தாங்கிய எஃகுக் கேபிள்களைச் சுற்றிக் கான்கிரீட் போர்த்தியிருந்தார்கள். உள்ளே துரு ஏறினால் வெளியே தெரியாது. 2017-இல் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் அதிர்வுகளை அளந்தார்கள். ஒன்பதாம் தூணின் கேபிள்கள் எதிர்பார்த்தபடி அதிரவில்லை. கூடுதலாக ஆராய வேண்டும், நிரந்தரக் கண்காணிப்பும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2018 ஆகஸ்ட் 14 அன்று அந்த ஒன்பதாம் தூண் பகுதிதான் சரிந்தது. 43 பேர் இறந்தார்கள்.

இரண்டு இடத்திலும் அளவீடு உண்மையைச் சொன்னது. ஒரு இடத்தில் அன்றே செயல்பட்டார்கள், இன்னொரு இடத்தில் அறிக்கை கோப்பில் கிடந்தது. கட்டி முடித்த பாலம், அணை, கட்டடங்களின் நிலையை அளந்து கவனிக்கும் கட்டமைப்பு நலக் கண்காணிப்புத் துறைக்கு ஏன் ஆள் வேண்டும் என்று மாணவர்கள் கேட்டால் நான் இந்த இரண்டு பாலங்களைத்தான் காட்டுவேன்.

சிவில் படிக்கும் பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால் சைட் வேலை, அரசுத் தேர்வு, இல்லாவிட்டால் ஐ.டி. என்றுதான் பதில் வருகிறது. இப்படி ஒரு ஆராய்ச்சித் துறை இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் அதை சென்சார் ஒட்டும் வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். ஒட்டுவது எளிது. அது தரும் எண்ணைப் படிப்பதில்தான் ஆராய்ச்சி இருக்கிறது.

ஒவ்வொரு பாலத்துக்கும் இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு, அதாவது நொடிக்கு எத்தனை முறை தானாக அதிர்கிறது என்ற எண். விரிசல் விழுந்தால் விறைப்பு குறையும், அதிர்வெண்ணும் இறங்கும். பாடப்புத்தகத்தில் இது சரி. சுவிட்சர்லாந்தில் இசட்-24 என்ற பாலத்தை 1998-இல் இடிப்பதற்கு முன்னால் கிட்டத்தட்ட ஒரு வருடம் விடாமல் அளந்தார்கள். அப்புறம் வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாகச் சேதப்படுத்தியும் அளந்தார்கள். குளிர்காலத்தில் மேலே இருந்த தார்த் தளம் உறைந்து இறுகியபோது அதிர்வெண் ஏறியது. பாலத்துக்கு எந்தச் சேதமும் இல்லாத காலத்திலேயே, வெப்பநிலையால் மட்டும் பத்து சதவீதத்துக்கும் மேல் மாற்றம்! அப்படியிருக்க, சேதத்தால் வரும் சின்ன இறக்கத்தை அதற்குள்ளிருந்து எப்படிப் பிரித்தெடுப்பது? இன்றைக்கும் பலர் முனைவர் பட்டத்துக்கு எடுக்கும் கேள்வி இது. நம் ஊர் வெயிலுக்கும் கடல் காற்றுக்கும் உரிய விடையை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எல்லாமே கணினி முன்னால் நடப்பதும் இல்லை. பழைய கட்டடத்தில் தூணின் ஓரத்தைக் கொஞ்சம் உடைத்து, தூசியை ஊதிவிட்டு, பினாப்தலீன் கரைசலைத் தெளிப்போம். காரத்தன்மை உள்ள கான்கிரீட் உடனே பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஊடுருவிக் காரத்தன்மை குறைந்த வெளிப்பகுதி நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கும். மேற்பரப்பிலிருந்து அந்தச் சிவப்புக் கோடுவரை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். தூணில் கம்பிக்கு மேல் 40 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் (கவர்) இருக்க வேண்டும் என்கிறது நம் தர விதி. உடைத்துப் பார்த்தால் அதில் பாதிகூட இல்லாத தூண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நிறம் மாறாத பகுதி கம்பியைத் தொட்டுவிட்டால் காரத்தன்மையால் நிற்கும் கம்பியின் பாதுகாப்புப் படலம் போய்விட்டது என்று அர்த்தம்.

கடலோரத்தில் சிவப்பைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடக் கூடாது. உப்பிலுள்ள குளோரைடு, காரத்தன்மை குறையாமலே கம்பியைத் தின்னும். கான்கிரீட் முழுக்கச் சிவந்திருக்கும், உள்ளே கம்பி பாதி கரைந்திருக்கும். அங்கே குளோரைடு அளவைத் தனியாகச் சோதிக்க வேண்டும், கம்பியின் மின்னழுத்தத்தையும் அளக்க வேண்டும். எந்தச் சோதனை எந்தக் கேள்விக்கு விடை தரும், எதற்குத் தராது என்று தெரிந்தவர்தான் இந்த வேலைக்குத் தேவை. கருவி வாடகைக்குக்கூடக் கிடைக்கும்.

சரி, வழி என்ன? பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதி எம்.இ. அல்லது எம்.டெக். சேர்வது முதல் படி. மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஸ்ட்ரக்சுரல் பிரிவைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஜியோடெக்னிக்கல், ரிமோட் சென்சிங் படித்தவர்களுக்கும் இங்கே இடம் இருக்கிறது. சென்னை தரமணியில் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1965-இல் தொடங்கிய நிறுவனம். நம் வாசலிலேயே இருந்தும் அதன் பெயரைக் கேள்விப்படாத இறுதியாண்டு மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அங்கேயும் ஐ.ஐ.டி.களிலும் திட்டப் பணியாளராகச் சேரலாம், முனைவர் பட்டம் செய்யலாம். ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டால் முதல் சில வருடம் குறைவுதான். வீட்டில் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த பல ஆண்டுகளுக்கு அதிகம் ஆள் தேவைப்படப்போவது அணைகளில் என்பது என் கணிப்பு. 2021-இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் குறிப்பிட்ட உயரத்துக்கு மேலுள்ள அணைகள் எல்லாவற்றிலும் அளவீட்டுக் கருவிகள் இருக்க வேண்டும் என்கிறது. ஊடுருவல் நீர், உள் நீரழுத்தம் போன்றவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். நம் பெரிய அணைகள் பலவும் பழையவை. மேட்டூர் 1934-இல் முடிந்தது, முல்லைப் பெரியாறு 1895-இல். பதிவேடுகள் குவியும். அவற்றைப் படித்து, இந்தக் கசிவு மழையால் கூடியது, இந்தக் கசிவு அப்படியில்லை என்று சொல்ல ஆள் வேண்டுமே?

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு மேம்பாலத்தில் நல்ல விலைக்குச் சென்சார்கள் வைத்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது டேட்டா சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் எதுவும் பதிவாகியிருக்கவில்லை. பராமரிப்பு ஒப்பந்தத்தில் கருவி வாங்க ஒதுக்கீடு இருந்தது, தரவைப் படிக்கும் பொறியாளருக்கு ஒரு வரிகூட இல்லை. டெண்டர் எழுதும் இடத்தில் நம் பிள்ளைகள் போய் உட்கார்ந்தால் அந்த வரி சேரும்.

இப்போது மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள் பைத்தானும் சிக்னல் பிராசஸிங் அடிப்படையும் கற்கத் தொடங்குங்கள். உங்கள் கைபேசியிலேயே அசைவை அளக்கும் முடுக்கமானி இருக்கிறது. அதன் பதிவைச் சேமிக்க இலவசச் செயலிகளும் உண்டு. ஊரில் இரும்பு நடைமேம்பாலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் நடுவில் வைத்துப் பதிவு செய்யுங்கள். பதிவில் கலந்திருக்கும் அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் ஃபூரியே உருமாற்றம் போட்டு அதிர்வெண்ணைக் கண்டுபிடியுங்கள். கோடையில் ஒரு தடவை, மழைக்காலத்தில் ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் காலை, மதியம் இரண்டு நேரமும் எடுங்கள். கைபேசி வைத்த இடம், வெப்பநிலை, அப்போது பாலத்தில் நடந்தவர்களின் எண்ணிக்கை மூன்றையும் எழுதி வைக்க மறக்காதீர்கள். எண்கள் மாறுபட்டால் ஏன் மாறுபட்டன என்று யோசித்து இரண்டு பக்கம் எழுதுங்கள். இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்த இரண்டு பக்கத்தையும் இணைத்து அனுப்புங்கள்.