கொலஸ்டெரிக்: பித்தத்தின் பெயரும் புரியின் பொருளும்

‘கொலஸ்டெரிக்’ என்பது நீர்மப் படிகங்களில், அதாவது நீர்மம்போல் ஓடினாலும் படிகம்போல் மூலக்கூறுகள் ஒழுங்காக நிற்கும் பொருள்களில், ஒரு வகையின் பெயர். கிரேக்கத்தில் ‘கோலே’ என்றால் பித்தம், ‘ஸ்டீரியோஸ்’ என்றால் திண்மம். பித்தக்கல்லிலிருந்து கிடைத்த பொருளுக்குக் கொலஸ்டிரால் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. 1888இல் பிராகு நகரில் தாவரவியலாளர் பிரீட்ரிக் ரெய்னிட்சர், கொலஸ்டிராலிலிருந்து பெற்ற பென்சோயேட்டைச் சூடாக்கியபோது, அது 145.5 டிகிரி செல்சியசில் உருகிக் கலங்கலாக நின்று, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. இடைப்பட்ட அந்தக் கலங்கல் நிலையே நீர்மப் படிகம். பின்னர் 1922இல் நீர்மப் படிகங்களை வகைப்படுத்திய ஜார்ஜ் பிரீடெல், இந்த வகைக்கு அந்தப் பொருளின் பெயரையே வைத்தார். இன்று இவ்வகைப் படலங்கள் பலவற்றில் கொலஸ்டிரால் துளியும் இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் ‘பித்தத்திண்மப் படிகம்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

விளங்க வேண்டியது அதன் முறுக்கு. ஒரு தளத்து மூலக்கூறுகள் நோக்கும் திசை, அடுத்த தளத்தில் சிறிது திரும்பியிருக்கும்; அப்படியே திரும்பித் திரும்பி ஒரு முழுச்சுற்று முடியும் நீளத்தைப் ‘புரிநீளம்’ எனலாம். ‘சுருள்’ என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் எனக்குப் ‘புரி’யே பொருத்தமாகப் படுகிறது. கயிற்றின் முறுக்கையும் இழையையும் ஒருசேரச் சொல்லும் சொல் அது. பானைக்கு அடியில் வைக்கோலை முறுக்கி வைக்கும் பிரிமணையும் புரிமணைதான். சங்கை வலம்புரி, இடம்புரி என்று பிரிக்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், முறுக்கின் திசையைச் சொல்லவும் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. கோவை, திருப்பூர் நூற்பாலைகளில் இதையே எஸ் முறுக்கு, இசட் முறுக்கு என்பார்கள். எனவே இதைப் ‘புரி நீர்மப் படிகம்’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது: கயிற்றில் இழைகள் அச்சைச் சுற்றி ஓடும்; இங்கே மூலக்கூறுகள் சுழற்படிக்கட்டின் படிகளைப் போல அச்சுக்குக் குறுக்கே கிடந்து திரும்பும்.

புரிநீளத்தைச் சராசரி ஒளிவிலகல் எண்ணால் பெருக்கினால், படலம் எதிரொளிக்கும் அலைநீளம் கிடைக்கும். புரிநீளம் 340 நானோமீட்டர், ஒளிவிலகல் எண் 1.6 என்றால் 544 நானோமீட்டர்; அது பச்சை. எதிரொளிப்புப் பட்டையின், அதாவது படலம் திருப்பியனுப்பும் அலைநீளங்களின் பரப்பின், அகலமோ, புரிநீளத்தை மூலக்கூறின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் உள்ள இரு ஒளிவிலகல் எண்களின் வேறுபாட்டால் பெருக்கிய அளவுதான். அந்த வேறுபாடு 0.15 ஆனால் பட்டை 51 நானோமீட்டரில் முடிந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியோ ஏறத்தாழ 380 முதல் 780 வரை பரந்து கிடக்கிறது. இந்தக் குறுகலைப் போக்கும் வேலைக்கு ‘எதிரொளிப்புப் பட்டையை அகலித்தல்’ என்பது நேரான தமிழ்.

அகலிக்கும் வழியைப் பொள்ளாச்சிப் பக்கத்துக் கயிற்றுக்களத்தில் கண்ணாலேயே காணலாம். ராட்டை ஒரு முனையில் சுழல, மடியில் நாரைக் கட்டிக்கொண்டு பின்னோக்கி நடக்கும் பெண்ணின் விரல்களிலிருந்து இழை நீளும். ராட்டைப் பக்கம் முறுக்கு இறுகியிருக்கும். நார் அப்போதுதான் வந்து சேரும் விரலருகே தளர்ந்திருக்கும். படலத்தின் தடிமன் நெடுக இப்படியே புரி இறுக்கத்திலிருந்து தளர்ச்சிக்குப் போனால், ஒவ்வொரு ஆழமும் தனக்குரிய நிறத்தைத் திருப்பியனுப்பும்; புரிநீளம் சுமார் 240இலிருந்து 490 நானோமீட்டர் வரை மாறினால் கண்காணும் ஒளி முழுதும் அதற்குள் அடங்கும். நெதர்லாந்தில் டிர்க் புரூயரும் உடன் பணியாற்றியோரும் 1995இல் இதைச் செய்து காட்டினார்கள். புற ஊதாக் கதிரை உறிஞ்சும் சாயத்தைக் கலவையில் சேர்த்ததால், கதிர் விழும் பக்கம் மூலக்கூறுகள் வேகமாகப் பிணைந்து கெட்டிப்பட்டன. முறுக்கைத் தரும் மூலக்கூறுகள் விரைந்து பிணைபவையாதலால் அந்தப் பக்கம் நகர்ந்து சேர்ந்தன. மறுபக்கம் முறுக்குக் குறைந்தது. இத்தகைய படலத்தைத் ‘தளர்புரிப் படலம்’ எனலாம்.

பட்டை எவ்வளவு அகன்றாலும், வலம்புரிப் படலம் வலமாகச் சுழலும் வட்டத் தளவிளைவு ஒளியை, அதாவது அலைவின் திசை வலமாகச் சுழன்றபடியே செல்லும் ஒளியை, மட்டுமே திருப்பும். சாதாரண ஒளியில் பாதி ஊடுருவிப் போய்விடும். அந்தப் பாதியும் வேண்டுமென்றால் அதன்மேல் இடம்புரிப் படலம் ஒன்றை அடுக்க வேண்டும்.