கண்ணில் பலத்த அடி: பார்வை திரும்புமா?

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கவாத்து நடக்கும் மாதங்களில், கண்ணைத் துணியால் பொத்திக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பார்வை திரும்புமா, டாக்டர்?" காயத்தின் தோற்றத்தை வைத்து இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது, ரத்தச் சிவப்பாக இருக்கும் கண் முழுமையாகத் தேறுவதுண்டு, வெளியே அமைதியாகத் தெரியும் கண் ஒளியையே இழந்திருப்பதும் உண்டு.

அமெரிக்க, ஹங்கேரியப் பதிவேடுகளிலிருந்த 2,500க்கும் மேற்பட்ட கண்காயங்களை ஆராய்ந்து, 2002இல் கண் மருத்துவர் ஃபெரென்ட்ஸ் கூன் குழுவினர் வெளியிட்ட மதிப்பெண் முறை எங்களுக்கு இன்றும் கைகொடுக்கிறது. முதல் பரிசோதனையில் இருக்கும் பார்வைக்கு 60 முதல் 100 வரை மதிப்பெண் தந்து, விழிக்கோளம் வெடித்திருந்தால் 23, உள்ளே கிருமித்தொற்று பரவியிருந்தால் 17, ஒருபுறம் நுழைந்த பொருள் மறுபுறம் வெளியேறியிருந்தால் 14, விழித்திரை விலகியிருந்தால் 11, பார்வை நரம்போ விழித்திரையோ பழுதானதைக் கண்மணி காட்டினால் 10 எனக் கழிக்கிறோம். மிஞ்சும் மதிப்பெண்ணைப் பொறுத்துக் கண்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறோம்; முதல் வகைதான் மிக மோசம்.

விறகு பிளக்கும்போது கட்டை தெறித்து விழிக்கோளம் வெடித்த ஒருவருக்கு, முகத்தருகே கை அசைவது மட்டும் தெரிந்தது. அதற்கு 70, வெடிப்புக்குக் கழித்தால் 47, அதாவது இரண்டாம் வகை. அடிபட்ட கண்ணின் கண்மணி ரத்தத்தில் மறைந்திருந்ததால், டார்ச்சை மாற்றி மாற்றி அடித்து நல்ல கண்ணையே கவனித்தேன். ஒளி அடிபட்ட கண்ணுக்குப் போனதும் நல்ல கண்ணின் கண்மணி மெல்ல விரிந்தது. பார்வை நரம்போ விழித்திரையோ பழுதாகியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இன்னும் 10 கழித்தால் 37, முதல் வகை. அவ்வகையில் ஏறத்தாழ நான்கில் மூன்று கண்கள் ஒளியுணர்வே இல்லாமல் போகின்றன. அதே கையசைவுப் பார்வையோடு, கருவிழியில் சிறு வெட்டு மட்டும் என்றால் 70 அப்படியே நிற்கும். அந்த மூன்றாம் வகையில் நூற்றில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் 6/12 (நல்ல கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) அல்லது அதைவிட நல்ல பார்வை பெறுகிறார்கள்.

இது தீர்ப்பல்ல, ஒளியே தெரியாத கண்ணையும் இயன்றவரை முதலில் தைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கழிக்கப்படுபவற்றில் ஓரளவு நம் கையில் இருப்பது கிருமித்தொற்றுக்கான அந்த 17 மட்டுமே. தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடாமல், கண்ணைக் கழுவாமல், கண்ணின் மேல் அழுத்தாதபடி ஒரு காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தைக் கவிழ்த்து ஒட்டி, வெறும் வயிற்றோடு அனுப்புங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி உள்ளிருப்பது பிதுங்கக்கூடும் என்பதால், கீழே இறங்குமுன் வாந்தித் தடுப்பு ஊசி போடச் சொல்லுங்கள். கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் இமை வீங்கி மூடிவிட்டால் பார்வையைச் சோதிப்பதே கடினம்; ஆகவே பரிந்துரைச் சீட்டில் "வலக்கண், கை அசைவு தெரிகிறது, மாலை 4 மணி" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.