தீர்வைப் பார்த்தால் புரிகிறது, தாளில் வரவில்லை: மேல்நிலைக் கணிதத் தேர்வுக்கு ஆயத்தமாவது பற்றி

மேல்நிலைக் கணித விடைத்தாள்களைத் திருத்தும்போது, மாணவர் எந்த இடத்தில் பேனாவை நிறுத்தினார் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மதிப்பெண் இழந்த கணக்குகளில் கணிசமானவற்றில் பேனா நின்றிருப்பது நடுவிலோ முடிவிலோ அல்ல, தொடக்கத்தில்தான். கேள்வியில் உள்ள தரவுகள் எடுத்து எழுதப்பட்டிருக்கும், சில வேளை ஒரு படமும் வரையப்பட்டிருக்கும், அதற்குக் கீழே வெற்றிடம். அதே மாணவரைத் தேர்வு முடிந்தபின் அழைத்து, "இதைப் பகுதித் தொகையிடலில் போட்டுப் பார்" என்று ஒரு வாக்கியம் சொன்னால், ஐந்து நிமிடத்தில் முழுக் கணக்கையும் போட்டுக் காட்டிவிடுவார். அவருக்குப் பாடம் தெரியாது என்று எப்படிச் சொல்வது? கற்ற பல முறைகளில் இந்தக் கேள்விக்கு எதை எடுக்க வேண்டும் என்று தானாக முடிவு செய்யும் பழக்கம் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. தேர்வு சோதிப்பதோ பெரும்பாலும் அந்தப் பழக்கத்தைத்தான்.

இந்தக் குறைக்கு மாணவரின் சோம்பலைக் காரணம் காட்டுவது அநியாயம். பாடநூலின் பயிற்சிகள் அமைந்திருக்கும் முறையே இதற்கு இடம் கொடுக்கிறது. தொகையிடலின் பிரதியிடல் முறையைக் கற்பித்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இருபது கணக்குகள் இருந்தால், அந்த இருபதும் பிரதியிடல் கணக்குகள் என்பது கேள்வியைப் படிப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. இருபதையும் சரியாகப் போட்ட மாணவர் தமக்குத் தொகையிடல் வந்துவிட்டது என்று நம்புகிறார். உண்மையில் அவர் பழகியது செயல்முறையை மட்டுமே. முறையைத் தெரிவு செய்யும் வேலையை அத்தியாயத்தின் தலைப்பு அவருக்காகச் செய்து கொடுத்துவிட்டது.

டக் ரோரர், கெல்லி டெய்லர் ஆகிய இரு உளவியல் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைக் கனவடிவங்களின் கனஅளவைக் காணக் கற்பித்து, ஒரு குழுவினருக்கு ஒவ்வொரு வகையையும் தொகுதி தொகுதியாகவும், மற்றொரு குழுவினருக்கு நான்கையும் கலந்தும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியின்போது தொகுதியாகப் போட்டவர்கள் 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதற் குழுவினர் 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிட, கலந்து பயின்றவர்கள் 63 விழுக்காடு பெற்றார்கள். பயிற்சியின்போது தட்டுத்தடுமாறுவது நல்ல அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதையும், வீட்டுப் பயிற்சியில் எல்லாம் சரியாக வருகிறது என்ற நிம்மதியை முழுதாக நம்பக் கூடாது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லும்போது இந்த நான்கு எண்களைத்தான் நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது வழக்கம்.

ஆகவே, ஒரு பாடத்தை முதன்முறையாகக் கற்கும்போது அதன் பயிற்சிகளை வரிசையாகப் போடுவதில் தவறில்லை. புதிய கருவியைக் கையில் பிடித்துப் பழக அது வேண்டும்தான். அதற்குப் பின்னர், வாரத்துக்கு இரண்டு நாளாவது, நான்கைந்து பாடங்களிலிருந்து கணக்குகளைத் தனித்தனித் தாள்களில் தலைப்பில்லாமல் எழுதி, குலுக்கி எடுத்துப் போட வேண்டும். தொடக்கத்தில் கணக்கை முழுதாகப் போடவும் தேவையில்லை. கேள்வியைப் படித்து, என்ன முறை, ஏன் அந்த முறை, முதல் வரி என்ன என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போகலாம். அரை மணி நேரத்தில் பதினைந்து கேள்விகளை இப்படிக் கடந்துவிட முடியும். பார்வைக்கு எளிய பயிற்சிதான். ஆனால் வெற்றிடமாகக் கிடந்த முதல் வரிகளை நிரப்பியதில் இதற்கு இணையான ஒன்றை என் வகுப்பறையில் நான் கண்டதில்லை.

அடுத்தது தீர்வுப் புத்தகங்களும் காணொளிகளும். இவற்றை நான் வெறுப்பவன் அல்லன். புதிய பாடத்தில் முழுமையாக விடையளித்துக் காட்டப்பட்ட கணக்குகளைப் படிப்பது தொடக்க நிலை மாணவருக்கு மிகவும் பயன்படும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒருவர் போடுவதைப் பார்த்துத் தலையசைப்பதும் நாமே போடுவதும் மனத்துக்கு ஒன்றுபோலவே தோன்றுவதில்தான். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து எப்படி வந்தது என்பது நமக்கு விளங்கிவிடுகிறது; ஆனால் அந்த இடத்தில் எழுதியிருக்கக்கூடிய பத்து வரிகளில் அந்த ஒரு வரியை அவர் ஏன் தேர்ந்தார் என்பது விளங்குவதில்லை. ஆகவே என் மாணவர்களுக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். கணக்கு வரவில்லையெனில் குறைந்தது பதினைந்து நிமிடம் தாளோடு போராட வேண்டும். அப்போதும் வராவிட்டால் தீர்வில் ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டுத் தொடர வேண்டும். அப்படிப் போட்ட கணக்கு போட்டதாகக் கணக்கில் சேராது. மூன்று நாள் கழித்து எதையும் பாராமல் மறுபடி போட்டு முடித்தால்தான் சேரும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேல்நிலைக் கணிதத்தில் சறுக்குகிறவர்களில் பலர் சறுக்குவது கீழ்வகுப்பு இயற்கணிதத்தில். பகுதிப் பின்னங்களைப் பயன்படுத்தித் தொகையிடும் கணக்கில், தொகையிடல் என்னவோ கடைசி இரண்டு வரிதான். அதற்கு முந்தைய எட்டு வரியும் பின்னங்களும் காரணிப்படுத்தலுமே. கூட்டலின் மடக்கையை இரண்டு மடக்கைகளின் கூட்டலாகப் பிரிப்பது, அடைப்புக்குறிக்கு முன்னுள்ள கழித்தல் குறியை முதல் உறுப்போடு நிறுத்திவிடுவது, பின்ன அடுக்கைக் கண்டதும் தயங்குவது ஆகியவை நுண்கணிதத் தாளில் நான் அன்றாடம் காண்பவை. தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது, நாளொன்றுக்குப் பத்து நிமிடம் இவற்றுக்கென ஒதுக்குவதைக் கௌரவக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

பிழைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "கவனக்குறைவால் போய்விட்டது" என்பது மாணவர்களும் பெற்றோர்களும் அடிக்கடி சொல்லும் சொல். அந்தச் சொல் விசாரணையை அங்கேயே முடித்துவிடுகிறது என்பதால் எனக்கு அதன்மீது நம்பிக்கை இல்லை. தம் பிழைகள் எல்லாமே கவனக்குறைவுதான் என்று உறுதியாகச் சொன்ன மாணவி ஒருவரிடம், மூன்று வாரப் பயிற்சியில் எந்த வரியில் முதன்முதலாகத் தவறு நேர்ந்தது என்பதை மட்டும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் சொன்னேன். எழுதிப் பார்த்தபோது, பெரும்பாலானவை ஒரே இனத்தைச் சேர்ந்தவையாக இருந்தன: சமன்பாட்டின் இருபுறத்தையும் வர்க்கப்படுத்தியபின் கிடைத்த விடைகளை அவர் ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை. அதைக் கவனக்குறைவு என்று எப்படி ஏற்பது? அது அவர் அறியாதிருந்த ஒரு கணித உண்மை.

அதை ஒரு சிறிய கணக்கால் விளக்கலாம். ஓர் எண்ணுடன் 7-ஐக் கூட்டி அதன் வர்க்கமூலத்தை எடுத்தால், அதே எண்ணிலிருந்து 5-ஐக் கழித்த மதிப்பு கிடைக்கிறது எனில் அந்த எண் யாது? இருபுறமும் வர்க்கப்படுத்தினால் இருபடிச் சமன்பாடு ஒன்று வருகிறது, அதன் மூலங்கள் 9, 2. இவற்றில் 9 பொருந்துகிறது. 16-இன் வர்க்கமூலமும் 4, 9-இலிருந்து 5-ஐக் கழித்தாலும் 4. 2-ஐ இட்டுப் பார்த்தால் ஒருபுறம் 3, மறுபுறம் −3. வர்க்கப்படுத்தும்போது 3-க்கும் −3-க்கும் உள்ள வேறுபாடு அழிந்துவிடுவதால் இந்தப் பொருந்தா மூலம் உள்ளே நுழைந்துவிட்டது. இதற்கு நேர்மாறாக, மூலங்களைத் தொலைக்கும் வழியும் உண்டு. ஒரு கோணத்தின் இருமடங்கின் சைன் மதிப்பு அதே கோணத்தின் கொசைனுக்குச் சமம் என்று கொடுத்து, 0 பாகைக்கும் 360 பாகைக்கும் இடையிலுள்ள தீர்வுகளைக் கேட்டால், பலர் இருபுறமும் உள்ள கொசைனை அடித்துவிட்டு 30, 150 என்ற இரண்டு விடைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கொசைன் பூச்சியமாகும் 90, 270 ஆகிய இரண்டும் அந்த ஒரு கோட்டடியில் போய்விட்டன. பூச்சியமாகக்கூடிய ஒன்றால் வகுக்கக் கூடாது, அதைப் பொதுக்காரணியாக வெளியே எடுக்க வேண்டும் என்பதை இப்படி ஒருமுறை தாமாகவே இழந்து பார்த்தவர்கள் மறப்பதில்லை.

விடையை உற்றுப் பார்க்கும் வழக்கமும் இதோடு சேர்ந்தது. 1-ஐ ஓர் எண்ணின் வர்க்கத்தால் வகுக்கும் சார்பை −1 முதல் 1 வரை தொகையிடச் சொன்னால், சூத்திரத்தை அப்படியே இட்டு −2 என்று எழுதுபவர்கள் உண்டு. எங்கும் மிகையாகவே இருக்கும் ஒரு சார்பின் கீழுள்ள பரப்பு எப்படிக் குறையெண்ணாகும் என்று ஒரு கணம் கேட்டிருந்தால், 0-இல் அந்தச் சார்பு வரையறுக்கப்படவே இல்லை என்பதும் சூத்திரத்தை அங்கே பயன்படுத்த வழியில்லை என்பதும் வெளிப்பட்டிருக்கும். கலப்பெண்களிலும் இதே கதைதான். மெய்ப்பகுதி −1, கற்பனைப் பகுதி −1 எனக் கொண்ட எண்ணுக்குக் கணிப்பான் 45 பாகை என்று காட்டுவதை நம்பி வீச்சை, அதாவது அந்த எண் மிகை மெய் அச்சோடு ஆக்கும் கோணத்தை, எழுதுகிறவர், அந்தப் புள்ளி மூன்றாம் கால்பகுதியில் இருப்பதைப் படம் வரைந்து பார்க்கவில்லை. முதன்மை வீச்சு −135 பாகை.

எனவே பிழைக் குறிப்பேட்டில் சரியான விடையை நகலெடுத்து வைப்பதால் பயன் குறைவு. முதல் தவறான வரியையும், அப்போது நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுத வேண்டும். இரண்டாவதை எழுதத்தான் மாணவர்கள் தயங்குவார்கள். ஆனால் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் திரும்பத் திரும்பப் படிக்கத் தகுந்தது அந்தக் குறிப்பேடுதான்.

சூத்திரங்களைப் பொறுத்தவரை என் கருத்து சற்றுக் கடுமையானது. முக்கோணவியலில் முப்பது சூத்திரங்களை மனப்பாடம் செய்வதைவிட, இரு கோணங்களின் கூட்டலுக்கான சைன், கொசைன் சூத்திரங்கள் இரண்டை மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டு மற்றவற்றை வருவிக்கப் பழகுவது நல்லது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் டேன்ஜென்ட் வரும். இரு கோணங்களையும் சமமாக்கினால் இரட்டைக் கோணம் வரும். கொசைனின் இரட்டைக் கோணச் சூத்திரத்தைத் திருப்பி எழுதினால், சைனின் வர்க்கத்தைத் தொகையிடத் தேவையான வடிவம் கிடைத்துவிடும். தேர்வறையில் சூத்திரத் தாள் கொடுக்கும் தேர்வாக இருந்தால், அதில் எது இருக்கிறது, எது இல்லை என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

எழுதும் முறைக்கு வருகிறேன். பெரும்பாலான மேல்நிலைக் கணிதத் தேர்வுகளில் விடைக்கு மட்டுமன்றி வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு. இறுதி விடை தவறாக இருந்தாலும் சரியான படிகளுக்கு மதிப்பெண் கிடைக்கும். படிகளே இல்லாத தவறான விடைக்கு எதுவும் கிடைக்காது. "காட்டுக" என்று விடையைக் கொடுத்துக் கேட்கும் கேள்வியில் நிலைமை இன்னும் கடினம், ஏனெனில் விடை முன்பே தாளில் இருப்பதால் எல்லா மதிப்பெண்ணும் இடைப்பட்ட படிகளுக்கே. இத்தகைய கேள்வியின் முதற்பகுதி வராவிட்டாலும், அதில் கொடுக்கப்பட்ட முடிவை எடுத்துக்கொண்டு இரண்டாம் பகுதியைச் செய்யலாம் என்பதை அறியாமல் முழுக் கேள்வியையும் விட்டுவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். "துல்லிய மதிப்பு" கேட்கப்பட்டால் √2 என்றே விட வேண்டும், 1.414 என்று மாற்றக் கூடாது. தசமத்தில் விடை கேட்கும்போதும் இடையில் முழுமையாக்குதல் ஆபத்தானது: மூன்றில் இரண்டு பங்கை 0.67 என்று எழுதி 900-ஆல் பெருக்கினால் 600-க்குப் பதில் 603 வந்து நிற்கும்.

பழைய வினாத்தாள்களை ஆண்டின் தொடக்கத்திலேயே தீர்த்துவிடாமல், கடைசி நான்கைந்து தாள்களைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது. அவற்றை இறுதி இரண்டு மாதங்களில், முழு நேரமும் எழுந்திராமல், தேர்வு அனுமதிக்கும் கணிப்பானை மட்டும் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம், 5 மதிப்பெண் கேள்வியில் 20 நிமிடம் கழிந்துவிட்டால் அதை நட்சத்திரக் குறியிட்டு விட்டுச் செல்லும் மனவுறுதி அப்படி எழுதிப் பார்த்தால்தான் வரும். எழுதிய தாளை மறுநாள், விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு, அறிமுகமில்லாத ஒருவரின் தாளைத் திருத்துவதுபோல் இரக்கமின்றித் திருத்த வேண்டும்.

பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். "இன்று எத்தனை மணி நேரம் படித்தாய்?" என்பதற்குப் பதிலாக, "இன்று எதையும் பார்க்காமல் எந்தக் கணக்கைப் போட்டாய்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல முடியாத நாள், எட்டு மணி நேரம் படித்த நாளாக இருந்தாலும், கணிதத்துக்குப் பெரிதாக உதவியிருக்காது. தேர்வுக்கு முந்தைய இரவில் புதிய பாடம் எதையும் தொட வேண்டாம். பிழைக் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு உறங்கிவிடலாம்.

தேர்வறையில் கடைசிப் பத்து நிமிடத்தை மீள்வாசிப்புக்கு வைத்தால், முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு போவதில் நேரம் தீர்ந்துவிடும். எங்கே தவறும் என்று தெரிந்த இடங்களுக்கு நேரே செல்லுங்கள்: வர்க்கப்படுத்திய சமன்பாடுகளின் விடைகள், பிரதியிட்டபோது மாற்றியிருக்க வேண்டிய தொகையிடல் எல்லைகள், வரையறாத் தொகையீட்டின் மாறிலி. இவற்றுக்கெல்லாம் முன்பாக, கணிப்பான் பாகையில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்பதைப் பார்த்துவிடுங்கள். 1 என்ற கோணத்தின் சைன் பாகையில் 0.0175, ரேடியனில் 0.8415.