ஓராண்டில் இரண்டு சனிப்பெயர்ச்சி

2023-ஆம் ஆண்டு சனி பகவான் கும்பத்துக்கு இரண்டு முறை பெயர்ந்தார். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி ஜனவரி 17. திருநள்ளாற்றில் விழா நடந்ததோ டிசம்பர் 20. கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது. வானத்தில் இருப்பது என்னவோ ஒரே சனிதான்.

வாக்கியப் பஞ்சாங்கம் என்பது காரணப் பெயர். சந்திரனின் இருப்பைச் சொல்ல, வரருசியின் பெயரால் வழங்கும் 248 சமஸ்கிருத வாக்கியங்கள் உண்டு. முதலாவது, 'கீர்ந ச்ரேய'. எழுத்துகளை எண்களாக்கும் கடபயாதி முறையில் இது 3, 0, 2, 1. பின்னிருந்து படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). பூமியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும்போது சந்திரன் மெதுவாக நகரும். அங்கிருந்து அது ஒரு நாளில் கடக்கும் அளவு இது. இந்த வேக மாற்றம் சுமார் 27.55 நாளுக்கு ஒருமுறை திரும்பும். ஒன்பது சுற்று முடிய ஏறக்குறைய முழுசாக 248 நாள். வாக்கியங்களின் எண்ணிக்கைக்கு அதுவே காரணம்.

1825-இல் புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்தார். ஆங்கிலேயப் படையில் பணியாற்றிய ஜான் வாரன் அதைப் பதிவு செய்தார். கணிதருக்குக் கோட்பாடு தெரியாது. ஆனாலும் கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். முடிவில் 52 நிமிடம்.

மனப்பாடம் கணக்கைக் காத்தது, பிழையையும் சேர்த்தே காத்தது. அடிப்படை எண்களில் உள்ள நுண்ணிய பிசகு நூற்றாண்டுகளில் பெருகும். ஒரு பாகையைச் சந்திரன் இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடும். சனிக்கோ சராசரியாக ஒரு மாதம் ஆகும். சனிக் கணக்கு சில பாகை விலகினால் பெயர்ச்சி பல மாதம் தள்ளிப்போகிறது. போதாததற்கு, சந்திரக் கணக்கு தவறினால் கிரகணமே ஊரறியக் காட்டிக்கொடுத்துவிடும். ராசி எல்லையோ மனிதர் வகுத்தது. சனி அதைத் தாண்டுவதை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

கணக்கைத் திருத்துவது மரபுக்கு எதிரானது என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. கேரளத்தின் பரமேசுவரர் 55 ஆண்டுகள் கிரகணங்களைக் கவனித்து, பழைய கணக்கு வானத்தோடு ஒட்டவில்லை எனக் கண்டு, 1431-இல் 'த்ருக்கணிதம்' எழுதினார். த்ருக் என்றால் பார்வை. திருக்கணிதத்தின் முதலில் நிற்பதும் அந்தச் சொல்தான். பலர் நினைப்பதுபோல் மரியாதைக்குச் சேர்த்த 'திரு' அல்ல.